எல்லைக்கல்லுக்கு ரெண்டு உருட்டு

வெட்டிப்போட்ட புளியமரத்துக்கு ஒரு வாசனை உண்டு... பச்சையும் புளிப்புமாக. மரங்களை வெட்டி ரோட்டை மறித்து இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த நாட்களில் சேலம் ரோடு முழுக்க அதே வாசனைதான். சின்னசேலத்துக்குப் பஸ் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ரஹீமின் அத்தாவுக்கு மளிகைக்கடை. பாதி ஷட்டர் இறக்கிய கடையின் மாடியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மூன்று ப்ளஸ் டூ பையன்கள். ரஹீம், வடக்கனந்தலிலிருந்து சைக்கிளில் வரும் செல்வராசு, அப்புறம் நான், மணி.

பெங்களூரில் படித்த ஒரு அண்ணன் ரஹீமுக்கு ஏதோ வெளிநாட்டு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு பூதமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். அவர் சொன்னது பாதி, ரஹீம் இட்டுக்கட்டியது மீதி. பகடைக்குத் தாயக்கட்டை. தரையில் சாக்பீஸால் ஒரு ஊர், ஏரி, எல்லைக்கல், அதற்கப்பால் கல்வராயன் மலை.

சக்தி எடுத்தால் கூடவே ஒரு குறையும் எடுக்கணும். குறை பெரிதானால் கூடுதல் உருட்டு. இதுதான் விதி.

ரஹீம் ஜின். உப்பு பட்டால் மயங்கும். செல்வராசு முனி. இரும்பைக் கண்டால் ஒதுங்கும். நான் கொள்ளிவாய்ப் பிசாசு, வாயைத் திறந்தால் நெருப்பு!

"கொள்ளிவாய் எல்லைக்கல்லத் தாண்டாதுடா. மணிக்கு அதான் கொற" என்றான் செல்வராசு.

அவன் மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் எந்தப் பிசாசும் எல்லைக்கல்லோடு நின்றுவிடும், ஊருக்குள் வராது, சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் வீடு ஊருக்கு வெளியே, காலனியில். செல்வராசு வீட்டுக்குப் போனால் தெருமுனையிலேயே நின்று சைக்கிள் பெல் அடிப்பேன், அவன் வெளியே வருவான். அது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

புதையல், கிணறு, கோயில்... எல்லாம் ஊருக்குள். அவர்கள் உருட்டிக்கொண்டே போனார்கள். நான் கல்லுக்கு வெளியே.

"எனுக்கு ரெண்டு உருட்டு ஜாஸ்தி வேணும்டா."

"ரெண்டா? இன்னாத்துக்கு? மலை முச்சூடும் உனுக்குத்தான இருக்குது" என்றான் செல்வராசு.

"மலை இருந்து இன்னா பண்றது? ஆட்டம் ஊருக்குள்ளதான நடக்குது."

"ஒண்ணு வேணா தர்றோம். ரெண்டு குடுத்தா நீயே ஜெயிச்சிக்கினு இருப்ப."

கிடைக்காவிட்டால் இனி அந்த மாடி ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு இருந்த கூட்டாளிகளே இவர்கள் இரண்டு பேர்தான். தாயக்கட்டையை அவன் முன்னால் வைத்தேன்.

"அப்போ என் கொறைய நீ எட்த்துக்கோ. ரெண்டு உருட்டும் உனுக்கே."

செல்வராசு தரையில் வரைந்திருந்த எல்லைக்கல்லையே பார்த்தான். அவன் அண்ணன் அப்போது மறியலில்தான் இருந்தார். அவர்கள் சாதிக்கும் ஒரு குறை இருந்தது, அதற்குத்தான் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேணாம்டா" என்றான் கடைசியில். "ரெண்டு உருட்டையும் நீயே வெச்சிக்கோ."

அன்றைக்குத் தோற்றுத்தான் போனேன், ஒரு தாயம்கூட விழவில்லை. ஆனாலும் வீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் சைக்கிள் மிதித்தேன்.

இப்போது சென்னையில் என் மகள் சனிக்கிழமைகளில் சிநேகிதிகளோடு இதே மாதிரி ஆடுகிறாள். குறைக்குத் தக்க பாயிண்ட் என்று புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

ஆபீஸில்தான், இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறமும், "உங்களுக்கென்ன சார், கோட்டா" என்பார்கள், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்பேன், "மாத்திக்கலாமா சார்?"

செல்வராசு மாதிரி யோசித்துப் பதில் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.