ஜெயப்பிரியாவின் வயிறும் மனசும்

உத்திரமேரூர் பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்தார் வேதகிரி. சுற்றுப்பட்டு ஜனங்கள் டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் வருவார்கள். சளி, காய்ச்சல் என்றால் இரண்டு வேளைக்குக் காப்ஸ்யூல் மடித்துக் கொடுப்பார். ஒரே மகள் ஜெயப்பிரியாவுக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தாலும், கடையில் இருப்பதிலேயே விலை கூடிய ஆன்டிபயாடிக் வீட்டுக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

2004-இல், ஒன்பதாவது படிக்கும்போது அவளுக்கு டைபாய்டு வந்தது. டாக்டர் எழுதிய மருந்து முடிந்த பிறகும், காய்ச்சல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் வேதகிரி தானாகவே இன்னும் பல நாள் கொடுத்தார். காய்ச்சல் விட்டது. வயிறு மட்டும் சரியாகவில்லை. எதைச் சாப்பிட்டாலும் உப்பிக்கொள்ளும். வகுப்பு நடுவில் எழுந்து ஓடுவாள். பள்ளிக்கூடக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. திரும்பி வரும்போது பின்பெஞ்சில் சிரிப்பார்கள்.

யாரோடும் பேசாமல் ஆனாள். தலை வாரிக்கொள்ளக்கூட அம்மா ஆதிலட்சுமி கெஞ்ச வேண்டியிருந்தது.

"இன்னாடி ஆச்சு? சொல்லேன்."

"ஒண்ணுமில்லம்மா. எதுவுமே புடிக்கல."

"வவுறு சரியானா எல்லாம் சரியாப்பூடும்" என்று வேதகிரி இன்னொரு மாத்திரை அட்டையைக் கிழித்தார்.

பத்தாவது பரீட்சை. பாதியில் எழுந்து வெளியே போனவள் வீட்டுக்கு வரவில்லை. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றவளை, மாடு கழுவ வந்த சின்னராசு கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

செங்கல்பட்டில் மனநல டாக்டரம்மா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "குடல்ல நமக்கு நல்லது செய்யற கிருமிங்களும் இருக்கு. இவ்வளவு மாத்திரைல அதுங்களும் செத்திருக்கும். குடல் கெட்டா மனசும் கெடுமான்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க."

"அப்ப, என்னாலதான் இப்பிடி ஆச்சா?" என்று கேட்டார் வேதகிரி.

"அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க. காய்ச்சலால இருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம். இந்த வயசுல நிறையப் பிள்ளைங்களுக்கு இந்த மனச்சோர்வு வருது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேதகிரி அங்கேயே அழுது தீர்த்திருப்பார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மகளின் முகத்தைப் பார்க்காமலே வந்தார்.

அதன்பின் சில மாதம், டாக்டர் சீட்டு இல்லாமல் காப்ஸ்யூல் கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். பிறகு பழையபடியே கொடுக்க ஆரம்பித்தார்.

வைத்தியத்தில் ஜெயப்பிரியாவின் வயிறு மெல்ல அடங்கியது. மனசுக்கு மாத்திரை தொடர்ந்தது. படிப்பு அதோடு நின்றது.

2009 பொங்கலுக்கு, காலேஜில் படிக்கும் பழைய தோழி அம்முலு வந்து, பள்ளிக்கூடத்தில் அடித்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஜெயப்பிரியா கேட்டாள். "நைனா, நான் நெறய பேசிக்கினே இருப்பேனாமே. நெசமா?"

"வாயே மூட மாட்ட, கண்ணு."

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

வேதகிரி சட்டையை மாட்டிக்கொண்டு கடை திறக்கப் போனார்.