நேபாள எல்லையில் சரோஜா அக்கா யார்?

ரயில் போய்விட்டது. நாங்கள் மூன்று பேர் திண்டுக்கல் ஜங்ஷனை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தோம். முன்னால் சரோஜா அக்கா, தோளில் ஒரு சின்னப் பையோடு. பின்னால் அவருடைய அண்ணன். கடைசியில் நான், தலையில் அக்காவின் சூட்கேஸோடு. என் பை? அது ரயிலில் போய்க்கொண்டிருந்தது. வேலையும் அதோடு போயிற்று.

நான் ஒரு இடத்தில் ஆறு மாதம் நிலைத்தால் அதுவே அதிகம் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அப்போது யாத்திரை பார்ட்டி ஒன்றில் சமையல் உதவி. காசி, அப்படியே நேபாளம், முக்திநாத். நம்மூர் ஆட்கள் எங்கே போனாலும் காலையில் இட்லி வேண்டும்... அதனால் அண்டா, கரண்டியோடு நாங்களும் கூடவே போவோம்.

சரோஜா அக்காவுக்கு வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டி. முப்பது வருஷமாக லண்டன். குடியுரிமையும் பிரிட்டனுடையது. போன வருஷம் வீட்டுக்காரர் இறந்துபோனார். முக்திநாத் பக்கம் ஓடும் கண்டகி ஆற்றில் தன் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். தோளில் தொங்கிய பையில் இருந்தது அதுதான்.

பிளாட்பாரத்தில் டூர் முதலாளி எல்லோரிடமும் வோட்டர் ஐடி வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதை ஆதாரோடு சேர்த்து முதல் நாளே வாங்கிவிட்டார். அக்கா நீட்டியது ஓ.சி.ஐ. புத்தகம், அதாவது ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். வழியனுப்ப வந்த அண்ணன்தான் பதில் சொன்னார்.

“பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். லண்டன் பாஸ்போர்ட்டு, வழியில தொலைஞ்சா யாரு அலையிறது? நேபாளத்துக்குத்தான் விசாவே வேணாமே.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். மேலே சிங்க முத்திரை. பெயரிலேயே ‘சிட்டிசன்’ இருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்?

எனக்கு வந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முன்பு ஒரு யாத்திரையில் கனடாக்காரர் ஒருவரை இதே புத்தகத்தோடு எல்லையில் நிறுத்திவிட்டார்கள். பஸ் திரும்பி வரும்வரை ஆறு நாள் இந்தப் பக்கத்து லாட்ஜில் கிடந்தார். துணைக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே அவருக்கு ஒரே வேலை, போனில் விதிகளைப் படிப்பது. எனக்கு ஒரே வேலை, அதைக் கேட்பது.

அதில் தெரிந்துகொண்டது இதுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓ.சி.ஐ. என்பது இந்தியாவுக்குள் வர ஆயுள் முழுக்கச் செல்லும் விசா மாதிரி. இன்னொரு நாட்டு வாசலில் அதற்கு மதிப்பு கிடையாது. நேபாளம் விசா கேட்காதது இந்தியக் குடிமக்களிடம். அங்கே சரோஜா அக்கா பிரிட்டிஷ்காரர். லண்டன் பாஸ்போர்ட்டைக் காட்டி எல்லையிலேயே விசா வாங்க வேண்டும். சில நாடுகள் இரண்டு குடியுரிமையை அனுமதிக்கின்றன. அப்படி இரண்டு வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான் — நீங்கள் நீட்டுகிற பாஸ்போர்ட்டுக்கு என்ன சலுகையோ அதுதான் உங்களுக்கு. பிறந்த ஊரை யார் கேட்கிறார்கள்?

சொன்னேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது பேருக்கு நடுவில் சேலை கட்டி உட்கார்ந்தால் எல்லையில் யாரும் கேட்கப்போவதில்லை என்று அக்காவைச் சமாதானப்படுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, நீ வெஞ்சனம் வைக்க வந்தியா, விசா குடுக்க வந்தியா?”

அதற்குள் ரயில் வந்துவிட்டது. எல்லோரும் ஏறினோம். அக்கா உட்காரவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, யாரும் கேக்காம அங்கிட்டுப் போயிட்டா, திரும்பி வர முடியுமா?”

“வாரப்ப கேட்டா என்னத்தக்கா காட்டுவீங்க? பாஸ்போர்ட் இல்லாம இந்தப் புத்தகத்த வச்சு இங்கிட்டு விடமாட்டாங்க.”

தோள் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“இவர வச்சுக்கிட்டு என்னால ஒளிஞ்சு போக முடியாது. பொட்டிய எறக்குப்பா.”

இறக்கினேன். நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற முதலாளி, என்னை அங்கேயே இருந்துகொள்ளச் சொல்லிக் கையை ஆட்டினார். அது டாட்டா இல்லை.

 வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறும்போது அண்ணன், பீரோ சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

பார்ட்டி காசி போய்ச் சேர இரண்டு நாள். அக்கா மறுநாளே பாஸ்போர்ட்டோடு மதுரையில் விமானம் ஏறி, அவர்களுக்கு முன்னால் போய்க் காத்திருந்தார். எல்லையில் கட்டணம் கட்டி விசா வாங்கினாராம். ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

“கரைச்சாச்சு தம்பி. தண்ணி ஐஸு மாதிரி. அவருக்குக் குளிரே ஆகாது...”



என் கதைக்கு வருகிறேன். ரயிலை விட்டதற்கு மறுநாள் காலை வேடசந்தூர் மில்லில் போய் வேலை கேட்டேன். ஆதார் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் விதி சொன்னவனின் ஆதாரும் வோட்டர் ஐடியும் முதலாளியின் துணிப்பைக்குள் ஆந்திராவில் எங்கோ போய்க்கொண்டிருந்தன.

அப்படியே திண்டுக்கல் திரும்பி, வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கச் சேர்ந்துவிட்டேன். அங்கே தோளை மட்டும்தான் பார்த்தார்கள்.