காதில் மட்டும் சொன்ன பெயர்

எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பமானாலும் என் கையால்தான் எழுதியாக வேண்டும். ரேஷன் கார்டு, அப்பாவின் முதியோர் உதவித்தொகை, அக்காக்களின் ஆதார் திருத்தம், எல்லாம். கைநாட்டு வைத்த குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இப்போது தேனியில் ஒரு இ-சேவை மையத்தில் அதையே பிழைப்பாகவும் செய்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும் எனக்குத் தெரியாமல் போனது. என் சின்ன அக்கா மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பம் அது.

சின்ன அக்கா மூன்றாவது பெண். எங்கள் பக்கம் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், சாமியிடம் சொல்வதுபோல ‘போதும்’ என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அக்காவுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. அடுத்துப் பிறந்தவன் நான். அவள் ஐந்தாவதோடு நின்றாள், நான் மேலே படித்தேன்.

கல்யாணமாகிக் கம்பத்துக்குப் போன பிறகு திராட்சைத் தோட்டத்தில் அவளுக்கு வேலை. மேஸ்திரி “ஆத்தா, போதும்!” என்று கூப்பிட்டால், கூட நிற்கிற பெண்கள் எல்லோரும் கூடையை இறக்கி வைத்துவிடுவார்களாம். “மேஸ்திரியே போதும்னுட்டாரு, வாங்கடி வீட்டுக்குப் போவோம்” என்பார்களாம். இதை எங்களிடம் சொல்லும்போது அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் உண்டானபோது எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

“தம்பி, பொம்பளப் பிள்ளையாப் பொறந்தா நீதான் பேரு பாக்கணும். சின்னப் பேரா இருக்கணும். நல்ல அர்த்தமா இருக்கணும்.”

அந்தச் சொல்லை நான் தலைமேல் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ஒரு நோட்டுப் போட்டு இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களாக எழுதினேன். எந்த மொழியில் பிறந்தது, பழைய காலத்தில் என்ன பொருள், இப்போது என்ன பொருள் என்று பக்கத்திலேயே குறித்தேன். வாரக் கடைசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன்.

“கயல். மீனுன்னு அர்த்தம். அழகான கண்ணுக்கு அதைத்தான் சொல்வாக.”

“மீன்காரின்னு கூப்பிடுவாக, வேணாம்.”

“நிலா?”

“இந்தத் தெருவுலயே மூணு நிலா கெடக்கு.”

“தியா. வடக்க இருந்து வந்த பேரு. விளக்குன்னு அர்த்தம்.”

“கரண்டு போனாத் தேடுவாக. அடுத்தது சொல்லு.”

கடைசியில் ‘வாகை’ கிடைத்தது. இரண்டே எழுத்து. போரில் வென்றவர்கள் தலையில் சூடிய பூ. கம்பம் போகிற ரோட்டோரத்தில் நிழல் விட்டு நிற்கிற மரம்தான். ‘போதும்’ என்று பெயர் வாங்கியவளின் வயிற்றில் பிறப்பது வெற்றி. இதையும் போனில் அவளிடம் சொன்னேன்.

“சரி தம்பி. அதையே வச்சிருவோம்” என்றாள்.

பெண்தான் பிறந்தது. ரோகிணி நட்சத்திரம். ‘வ’ பொருந்துகிற எழுத்துதான் என்று ஜோசியரும் சொன்னார். ரோகிணி தாய்மாமனுக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பதாம் நாள் பெயர் வைப்பு. தாய்மாமன் சீராகக் கொலுசு வாங்கினேன். தொட்டில் சேலையின் ஓரத்தில் ‘வாகை’ என்று மஞ்சள் நூலில் தைக்கச் சொல்லி எடுத்துப் போனேன். அக்கா அதை வாங்கி, பெயர் தைத்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளையை மடியில் கிடத்தி, வெற்றிலையால் காதை மறைத்து, மூன்று தடவை பெயரைச் சொன்னேன். பிள்ளையின் தலையில் பால் வாசம் அடித்தது. என் பிறப்புக்காக அக்கா சுமந்த பெயரின் பாரத்தை அந்த நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு மச்சான் கேக் பெட்டியைத் திறந்தார். கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் அவர். கேக்கின்மேல் வேறொரு பெயர் எழுதியிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். ‘ஷா’ என்று முடியும். எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். யாருக்கும் அது புதுசாக இல்லை.

“என்னா மாப்ள முழிக்கிற? நீ சொன்னது காதுக்கு. இது வாய்க்கு” என்றார் மச்சான்.

“ரோகிணி மாமனுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னாகள்ல!” என்று யாரோ சொல்ல, வீடே சிரித்தது.

பத்து நாளைக்கு முன்பே நகராட்சி ஆபீசில் எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எழுத வைத்திருக்கிறார்கள். மச்சான் வேலைதான் என்று நினைத்து, கொல்லைப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

“அவரு பேரே பாக்கலடா. நாந்தான் வச்சேன்” என்றாள்.

“அதுக்கு அர்த்தமே கெடையாதுக்கா.”

“அதனாலதான் வச்சேன்.”

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே மேலே பேசினாள்.

“என் பேருக்கு அர்த்தம் இருந்துச்சே, பாத்தேல்ல? வாகைன்னு வச்சு, நாளைக்கு அவ பெயிலாப் போனா என்னா சொல்லுவாக? அவ அவளாட்டம் இருக்கட்டும். நீ பொறக்கணும்னு எனக்கு ஒரு பேரு வச்சாக. எம்பிள்ள பேரையாவது நான் வைக்கிறேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? காதுல எதுக்குச் சொல்ல வச்ச?”

“சொன்னா நீ அழுவ. நோட்டுப் போட்டுல்ல எழுதுன.”

அப்படியே பஸ் ஏறினேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனில் பேர் கேட்டுக் கடைசியில் ‘சரி தம்பி’ என்றாள்! ஊரே சிரிக்க என்னை உட்கார வைத்துவிட்டாள். கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கொடுத்திருப்பேனா, தெரியவில்லை.

மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையைப் பாப்பா என்றே கூப்பிட்டு வந்தேன்.

போன மாதம் அக்கா பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தோடு தேனிக்கு வந்தாள். கம்பத்தில் எழுதித்தர ஆளா இல்லை? “நீயே எழுது” என்று மேசைமேல் வைத்தாள். பிள்ளையையும் தூக்கி அதன் பக்கத்தில் உட்கார வைத்தாள். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் எழுதினேன். தாயின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

“எழுது. கோணாம எழுது.”

எழுதினேன். பிள்ளை தன் பெயர் இருந்த மேல் வரியில் விரலை வைத்து, “மாமா, இது என்னா?” என்று கேட்டது.

வாசித்துக் காட்டினேன். அந்தப் பெயரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.