மின்னலுக்கு ஊட்டிய சர்க்கரைப் பொங்கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்குப் பொங்கல் விடுமுறை விட்ட அன்று நடந்தது இது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் அறிவியல் ஆசிரியை.

அந்த வருடம்தான் எங்கள் தாளாளர் ஒரு குதிரை வாங்கியிருந்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. பிள்ளைகள் மின்னல் என்று பெயர் வைத்தார்கள். குதிரையேற்றம் சொல்லித்தரும் பள்ளி என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அது என்ன சாப்பிடும் என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

குதிரையைப் பார்த்துக்கொள்ளப் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். ஐம்பது வயதிருக்கும். சென்னையில் ஒரு லாயத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர். வந்த முதல் வாரமே தாளாளரிடம் போய், "குதிரைக்கு நாள் பூரா வாயில புல்லு இருக்கணும் சார். கொள்ளு கொஞ்சமா இருந்தாப் போதும். சோறு மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். தாளாளரோ தன் வயலிலிருந்து வைக்கோல் கட்டுகளை இறக்கினார். ஹாஸ்டலில் மிஞ்சும் சோற்றையும் அதற்கே போடச் சொன்னார்.

"எங்க வீட்டு மாடு இதைத்தான் திங்குது. இது என்ன பெரிய மகாராஜாவா?" என்று ஆசிரியர்கள் அறையில் வந்து கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அதே வாரம் நான் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு, மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறை, குதிரைக்கு அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு என்று நடத்தியிருந்தேன். அந்தப் பாடத்துக்கும் நூறடி தூரத்தில் கட்டிக் கிடந்த குதிரைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பராமரிப்பாளர் அந்தச் சோற்றைக் குழியில் கொட்டிவிட்டு, தினமும் வாய்க்கால் கரையில் புல் அறுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பொங்கல் விழா காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. மைதானத்தில் வகுப்புக்கு ஒரு பானை. பெற்றோர்கள் திரண்டிருந்தார்கள். மின்னலுக்கு மாலை போட்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் அதற்குப் பொங்கல் ஊட்டுவதைப் படம் எடுக்க வேண்டும் என்பது தாளாளரின் ஏற்பாடு. மைக் என் கையில். "வரிசையா வாங்க செல்லங்களா, மின்னலுக்குப் பொங்கல் ஊட்டலாம்" என்று நான்தான் கூப்பிட்டேன்.

பராமரிப்பாளர் குதிரைக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார். தாளாளர் அவரைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க சயின்ஸ் படிச்சவங்க. நீங்களாவது சொல்லுங்க. இத்தனை வெல்லமும் அரிசியும் அதுக்கு ஆகாது."

"ஒரு நாள்தானேண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். பெற்றோர்கள் முன்னால் தாளாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். இதற்கு வேறு பெயர் கிடையாது, கோழைத்தனம்தான்.

தொன்னை தொன்னையாகப் பொங்கல் போனது. கரும்புத் துண்டுகள் போயின. யாரோ ஒருவர் ஒரு பானையில் மிச்சமிருந்ததை அப்படியே கவிழ்த்தார். குதிரைக்கு ருசி பிடித்துவிட்டது, கேட்டுக் கேட்டுத் தின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்று மணிக்கு அது தரையைக் காலால் பிறாண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. வியர்த்துக் கொட்டியது. அப்புறம் கீழே விழுந்து புரண்டது. அத்தனை பெரிய உடம்பு வலியில் புரள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. பராமரிப்பாளர்தான் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். மருத்துவர் வரும்வரை குதிரையை எழுப்பி, கழுத்தோடு கழுத்து வைத்து மெல்ல நடக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வந்த மருத்துவர் ஓர் இளம் பெண். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், "என்ன குடுத்தீங்க?" என்றார். தாளாளர், "வழக்கமா குடுக்கறதுதான்" என்றார். கூசாமல் சொன்னார். என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மூக்கு வழியாகக் குழாயை இறக்கியபடியே அந்த டாக்டர் கத்தினார். "குதிரைக்கு வாந்தியே வராதுங்க. உள்ள போனது போனதுதான். புல்லுதான் அதுக்குச் சாப்பாடு. தானியம்னா கொஞ்சூண்டு, அதையும் பிரிச்சுப் பிரிச்சுப் போடணும். புதுசா எதைக் குடுத்தாலும் பத்து நாளாவது எடுத்துப் பழக்கணும். இவ்வளவு அரிசியும் வெல்லமும் ஒரே நாள்ல போனா குளம்பு வரைக்கும் பாதிக்கும். இதைச் சொல்ல உங்க ஸ்கூல்ல ஆளே இல்லையா?"

ஆள் இருந்தார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மின்னல் பிழைத்தது. ஆனால் டாக்டர் பயந்தபடியே இரண்டு நாளில் முன்னங்கால் குளம்புகள் சூடேறி, காலை ஊன்ற முடியாமல் போனது.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. போகியன்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பராமரிப்பாளர் கெட்டுப்போன தீவனம் கொடுத்ததால் குதிரைக்கு உடல்நிலை சரியில்லை, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று. கீழே கும்பிடும் கைகள், 'நல்ல நடவடிக்கை' என்று பாராட்டுகள். பொங்கலை ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்களே போட்டிருந்தார்கள்!

உடனே நான் தட்டச்சு செய்தேன். கெட்டுப்போன தீவனம் எதுவும் இல்லை. பொங்கல் ஊட்ட மைக்கில் கூப்பிட்டது நான். பராமரிப்பாளர் தடுத்தார், என்னிடமும் கெஞ்சினார், நான் கேட்கவில்லை என்று எழுதினேன். சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பலர் படித்துவிட்டார்கள்.

விடுமுறை முடிந்ததும் தாளாளர் கூப்பிட்டு விட்டார். "ஸ்கூல் மானத்தை வாங்கிட்டீங்களே டீச்சர்."

"அந்த மனுஷன் மானத்தை வாங்கினது யாரு சார்? அவர் மேல போட்ட பழியை எடுங்க" என்றேன்.

சில பெற்றோர்களும் நேரில் வந்து கேட்டார்கள். பள்ளியில் அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் அழித்தார்கள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை வரவில்லை. பராமரிப்பாளரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. நான் அந்தக் கல்வியாண்டோடு வேலையை விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். பார்த்ததும், "குதிரை எப்படி இருக்கு டீச்சர்?" என்றுதான் கேட்டார். நொண்டுகிறது, இனி யாரையும் ஏற்ற முடியாதாம் என்றேன்.

"நீங்க எழுதினதை யாரோ அனுப்பியிருக்காங்க, எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. சந்தோசம்தான். ஆனா டீச்சர், அதை அன்னிக்குக் காலையில சொல்லியிருந்தீங்கன்னா அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்."

கோபப்பட்டுச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தாளாளர் மீது எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவருக்குச் சொல்லியும் புரியவில்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாதவள் மீதுதான் அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.