கோஷுவைக் கண்டுபிடித்த வீட்டோடு மாப்பிள்ளை

எங்கள் ஊரான கட்சுனுமாவுக்கு வருகிற டோக்கியோக்காரர்கள் இப்போதெல்லாம் தொமோஹிசாவின் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். வாசலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. 'கோஷு திராட்சையை உலகுக்குக் கண்டுபிடித்துத் தந்த இல்லம்.' எழுத்தும் அவருடையது, எண்ணமும் அவருடையது. இந்த மலைச்சரிவில் கோஷு கொடி படர ஆரம்பித்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று கோயிலில் சொல்வார்கள். இத்தனை காலமும் அது எந்தப் புதருக்குள் ஒளிந்திருந்து இவர் கண்ணுக்கு மட்டும் அகப்பட்டது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

தொமோஹிசா டோக்கியோவில் ஒரு பெரிய துணிக்கடையில் டை விற்றுக்கொண்டிருந்தவர். ஹோசாகா வீட்டுப் பெரியவருக்கு மிட்சுயோ ஒரே பெண். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்றால் வருகிற மாப்பிள்ளை தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டுப் பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் தன் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹோசாகா ஆனார். அடக்கத்தையும் அதோடு சேர்த்துக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். கல்யாண விருந்தில் மாமனார் கையால் ஊற்றிய ஒயினை வாயில் வைத்துவிட்டு, "தண்ணியாட்டம் இருக்கே" என்றார். மாமனார் அவருடைய கோப்பையை மறுபடி நிரப்பினார். அந்த மனிதருக்குக் கோபப்படத் தெரியாது.

எங்கள் ஊரில் எல்லா வீட்டுத் திராட்சையையும் ஊர்ப் பொது ஆலையில்தான் பிழிவோம். ஆனால் அவரவர் வீட்டுச் சாறு அவரவர் பீப்பாயில்தான் ஊறும். சாக்கே என்ற அரிசி மது அடைக்கிற பெரிய பாட்டிலில் அது வீட்டுக்குத் திரும்பி வரும். காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணம் எங்களுக்கு எதற்கு? டீ குடிக்கிற கோப்பையிலேயே ஊற்றிக் குடிப்போம். ஒவ்வொரு வீட்டு ஊறுகாய்க்கும் ஒரு ருசி இருப்பதுபோல ஒயினுக்கும் உண்டு. ஹோசாகா வீட்டு ஒயினில் யூசு எலுமிச்சைத் தோலின் வாசனை வரும், கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு நிற்கும். ஊரில் பல் முளைத்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

மாமனார் செத்த மறு வருஷம் தொமோஹிசா பிரான்சுக்குப் போனார். 'பிரான்சில் வாழ்ந்தபோது' என்று இன்றைக்கும் ஆரம்பிப்பார். வாழ்ந்தது ஒரு சுற்றுலா பஸ்ஸில். பஸ் ஒரு திராட்சைத் தோட்டத்தின் பக்கம் ஒண்ணுக்குப் போவதற்காக நின்றது. அங்கே பெற்ற ஞானத்தோடு அவர் திரும்பி வந்தார். எங்கள் மலையில் இருக்கிற தெங்கு என்ற பூதத்துக்கு மூக்கு முழ நீளம். கர்வம் பிடித்தவர்களைத் தெங்கு ஆகிவிட்டான் என்று சொல்வோம். தொமோஹிசா திரும்பிய அன்று ஸ்டேஷனில் மூக்கு மட்டும் முதலில் வந்து இறங்கியது. ஆள் அடுத்த ரயிலில் வந்தார்.

வந்ததும் வீட்டுக் கொல்லையில் பிரெஞ்சுக் கொடிகளை வரிசை வரிசையாக நட்டார். மூன்று வருஷம் ஆகியும் முழங்கால் உயரம்தான், தண்டு சுண்டுவிரல் கனம். அந்த வரிசைகளுக்கு மேலே, கொல்லை முழுக்கக் கூரைபோல, மிட்சுயோவின் கொள்ளுத்தாத்தா பந்தலேற்றிய கோஷு கொடி படர்ந்து கிடந்தது. அடிமரத்தை இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம்.

"இந்தக் கிழட்டுக் கொடி வெயிலை மறைக்குது. வெட்டிடணும்" என்றார்.

"அது எங்கப்பா கொடிங்க."

"உங்கப்பாவுக்கு ருசின்னா என்னன்னு தெரியுமா?"

மிட்சுயோ வாதாடுகிற பெண் இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்க கொடில இருந்து சாமிக்கு வைக்கிற மாதிரி ஒரே ஒரு பாட்டில் ஒயின் எடுத்துக் காட்டுங்க. அப்புறம் வெட்டிக்கலாம்."

அவர் ஒரு சிவப்புக் கயிறு வாங்கி வந்து அந்த அடிமரத்தில் கட்டினார். வெட்ட வேண்டிய மரத்துக்கு அதுதான் அடையாளம். அந்த வருஷம் ஊர்க் கோயிலில் புது ஒயின் படைக்கிற முறை ஹோசாகா வீட்டுக்கு. திருவிழாவில் பிரெஞ்சுக் கொடியின் ஒயின், மறுநாள் காலையில் ரம்பம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ரம்பக்காரர் கனமாருவுக்கும் சொல்லியாயிற்று. மிட்சுயோ துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்தக் கயிற்றைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் துணியை உதறுவாள், காற்றில் சாட்டை சொடுக்குகிற மாதிரி.

ஜூனில் ஊரே பந்தலுக்கடியில் நின்று குலைக்குக் குலை மெழுகுத்தாள் தொப்பி மாட்டும். தொப்பி போடாத குலையில் மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும். தொமோஹிசா தன் குலைகளுக்குப் போடவில்லை.

"பிரான்சுல திராட்சைக்குத் தொப்பி போடறாங்களா?"

"பிரான்சுல நம்மூர் மழை பெய்யுதாங்க?" என்றாள் மிட்சுயோ.

செப்டம்பரில் புயல் வந்தது. பழம் வெடித்தது, பூஞ்சை பிடித்தது. மலையிலிருந்து இறங்கி வந்த காட்டுப்பன்றி ஒன்று அந்த வரிசைகளை முகர்ந்து பார்த்து, நாசூக்காகத் தாண்டிப்போய், அடுத்த கொல்லையில் உதிர்ந்து கிடந்த பேரிப்பழத்தைத் தின்றது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கால் தடத்தை நான் பார்த்தேன். அப்படியும் மிஞ்சியதைப் பிழிந்து ஊறவைத்தார்.

திருவிழா அன்று காலை நான் மிட்சுயோவின் சமையலறையில் உட்கார்ந்து ஹோதோ என்கிற நூடுல்ஸ் குழம்புக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். தொமோஹிசா தன் ஒயினை அடைத்த பிரெஞ்சு பாட்டிலோடு உள்ளே வந்தார். முகம் வெந்நீரில் போட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பாட்டிலைத் திறந்ததும் பூசணிக்கே மூச்சு முட்டியது.

"காடியாப் போச்சு" என்றார்.

"பாவம்" என்றேன் நான்.

"டோக்கியோலேருந்து நிஷிவாகி அம்மா வர்றாங்க. ஒயின் கடை வச்சிருக்கறவங்க. நான்தான் கூப்பிட்டேன்." பிறகு மிட்சுயோவைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பெரிய பாட்டில்ல இருக்கறதை இதுல ஊத்திக் குடு."

"தண்ணியாட்டம் இருக்குமேங்க."

"ஊத்துன்னா ஊத்து."

ஊற்றினால் ஜெயித்தது பிரெஞ்சுக் கொடி, மறுநாள் மரம் விழும். ஊற்றாவிட்டால் அவள் வீட்டுப் பெயரில் சாமிக்குக் காடி. மிட்சுயோ என்னைப் பார்த்தாள். பிறகு காடியைக் கொட்டிக் கழுவிவிட்டு, பெரிய பாட்டிலை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.

கோயிலில் சாமிக்குப் படைத்த பிறகு எல்லாருடைய டீக்கோப்பையிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தது. முதல் வாய் உள்ளே போனதும் ஊருக்கே அடையாளம் தெரிந்துவிட்டது. யூசுத் தோல். கடைசியில் சின்னக் கசப்பு. ஊர்ச்சங்கத் தலைவர் அமெமியா கோப்பைக்குள் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, உங்க மாமனாரே வந்து ஊத்தின மாதிரி இருக்கே."

"மண்ணு, மாமா. எல்லாம் மண்ணோட குணம்."

"ஆமாமா. பிரான்சுக் கொடியானாலும் நம்ம மண்ணு விடுமா?"

பெண்கள் பக்கம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

தொமோஹிசா மட்டும் தன் காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றினார், மூக்கை நுழைத்தார், கண்ணை மூடினார். நாணம், நேர்மை, மலைக்காற்று, மழை நின்ற பிறகு நனைந்த கல் என்று என்னென்னவோ சொன்னார். கல்யாணத்தன்று தண்ணீர் என்றாரே, அதே ஒயினைத்தான் சொன்னார். அவர் புகழப் புகழ மிட்சுயோ தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

நிஷிவாகி அம்மா ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். "நல்லா இருக்கு. ஆனா இது பிரெஞ்சு வாசனை இல்லையே. எந்தக் கொடி?"

தொமோஹிசா வாயைத் திறப்பதற்குள் மிட்சுயோ எழுந்தாள். "கொடியையே பாத்துடுங்களேம்மா. வீடு பக்கத்துலதான்."

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தச் சாமிக்குக்கூட நாங்கள் நடத்தியதில்லை. கோப்பையும் கையுமாக ஊரே ஹோசாகா வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தது. நிஷிவாகி அம்மா முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்ற குச்சிகளைப் பார்த்தாள்.

"இதுலேருந்தா?"

தொமோஹிசா குச்சியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மஞ்சள் இலைகளோடு மேலே விரிந்து கிடந்த பந்தலைப் பார்த்தார். மூக்கு ஒரு அங்குலம் சுருங்கியதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம்.

"அது வந்து... இதோ, இதுலேருந்து" என்று மேலே கைகாட்டினார். "கோஷு. நம்ம நாட்டுத் திராட்சை. இந்த ஊர்ல யாருக்கும் இதோட அருமை தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்படியா!" என்றார் அமெமியா. இடுப்பு வளைந்து கும்பிட்டார். அவருக்குப் பின்னால் ஊரே வளைந்து கும்பிட்டது. குனிந்தால்தானே சிரிப்பு தெரியாது!

"மரத்துல என்ன சிவப்புக் கயிறு?" என்று நிஷிவாகி அம்மா கேட்டாள்.

தொமோஹிசா பாய்ந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துத் திருவிழாச் சட்டையின் கைக்குள் திணித்துக்கொண்டார். "சும்மா, விழா அலங்காரம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து கனமாருவின் குரல் வந்தது. "அப்போ நாளைக்குக் காலைல நான் ரம்பத்தோட வரணுமா வேணாமா மாப்ளே?"

"எதுக்கு?"

"வெட்ட."

"எதை வெட்டறது? உமக்குப் பைத்தியமா?" என்றார் தொமோஹிசா. சட்டைக் கையிலிருந்து கயிற்றின் நுனி ஒரு சாண் வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு மிட்சுயோ அங்கே முள்ளங்கி போட்டிருக்கிறாள். நல்ல விளைச்சல். ஜூன் மாதம் கண்டுபிடிப்பாளர் ஸ்டூலில் ஏறி நின்று குலைக்குக் குலை தொப்பி மாட்டுகிறார். டோக்கியோக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று, "இதைக் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே மாப்ளே" என்று கேட்போம். தலையாட்டுவார்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தைத் தேடினார். அலமாரியில் இல்லை. மிட்சுயோ பெரிய பாட்டிலை எடுத்து, அவளுடைய அப்பாவின் பழைய டீக்கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல குடிங்க" என்றாள். "கண்டுபிடிச்சவர் நீங்கதானே."

குடித்தார்.