சனிக்கிழமை இரும்பு

தபால்தலை சேர்ப்பவனுக்கு ஓர் ஆல்பம் போதும். வார்ப்பிரும்பு சேர்ப்பவனுக்கு வீட்டுத் தளமும் ஒத்துழைக்க வேண்டும். எங்கள் வீடு டெல்லி கிட்வாய் நகரில் மாடி குவார்ட்டர்ஸ். மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த என் மனைவி சரோஜாவின் பெயரில் ஒதுக்கப்பட்டது. அந்தப் பால்கனியில் எழுபதுகளில் நான் குவித்த பழைய இரும்பின் மேல் எனக்கிருந்த ஒரே உரிமை, சுமந்து வந்தவன் என்பதுதான். எதையாவது சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் நீங்களும் என் கட்சிதான் என்ற தைரியத்தில் இவற்றைச் சொல்கிறேன்.

வார விடுமுறை

டெல்லியில் பழைய சாமான் பைத்தியங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் சந்தைக்குப் போவார்கள். நான் பத்திரிகையில் உதவி ஆசிரியன். திங்கட்கிழமை பேப்பரை ஞாயிற்றுக்கிழமைதான் தயாரித்தாக வேண்டும். ஆகவே எனக்கு விடுமுறை சனிக்கிழமை. சந்தையை மறந்துவிட்டுக் கோட்லா, லாஜ்பத் நகர் என்று தெருத்தெருவாக அலைந்தேன். எமர்ஜென்சியில் எங்கள் வேலையில் பாதியைத் தணிக்கை அதிகாரியே செய்துகொடுத்ததால் அலைய உடம்பில் தெம்பும் இருந்தது.

"பழைய வார்ப்பிரும்பு இருக்கா?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்பேன். பலர் இருக்கிறது என்றார்கள். அதிசயம், பெரும்பாலானவர்கள் காசு வாங்க மறுத்தார்கள். என் இந்தி தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை எழுதினேன். யார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஏன் தருகிறீர்கள் என்ற ஐந்தாவதைக் கேட்டால் மட்டும் கதவு மூடியது. செய்தியில் அப்படி ஓட்டை விட்டால் எங்கள் தலைமை ஆசிரியர் கிழித்துப் போடுவார். சரோஜா அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்க மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் சும்மா தரமாட்டாங்க. வேற ஏதோ இருக்கு."

எடைக்கற்கள்

கோட்லாவில் ஒரு மளிகைக் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். சேர் கணக்கில் வார்த்த பழைய எடைக்கற்கள் ஏழு, பெரியதிலிருந்து சின்னது வரை. கடைக்காரர் அவற்றை என் கையில் தரவில்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தார். நான் குனிந்து எடுத்துப் பையில் போட்டேன். நடுவில் ஒரு கல் இல்லை. கேட்டதற்கு, "அது போலீஸ்கிட்ட இருக்கு" என்றார்.

தெருவில் நாலு அடி வைத்ததும் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். படியைக் கழுவுகிறார்கள், சுத்தமான மனிதர்கள் என்று பாராட்டலாம் என்று தலையைத் திருப்பப் போனேன். உள்ளேயிருந்து அவர் குரல், கெஞ்சுவது போல் வந்தது.

"திரும்பிப் பார்க்காம போங்க பாபுஜி."

சேவல் வைத்த பெட்டி

லாஜ்பத் நகரில் வீரான்வாலி என்ற இளம் பஞ்சாபிப் பெண்மணி கொடுத்தது, கரி போடும் இஸ்திரிப் பெட்டி. மூடியின் கொக்கி ஒரு சேவல். பக்கத்தில் கிளாஸ்கோ என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்து. கிளாஸ்கோவில் வார்த்து, கப்பலேறி, லாகூரில் அவருடைய மாமியார் கல்யாணத்துக்கு வந்து, பிரிவினையில் மூட்டைக்குள் தப்பித்த பெட்டி. இவ்வளவையும் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். உள்ளே பழைய சாம்பல் அப்படியே இருந்தது. அவர் தோளில் பத்து நாள் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. போர்த்தியிருந்த துணி இஸ்திரி காணாத புதுத்துணி.

பெட்டியைத் தொடப்போனேன். கையால் தடுத்தார். என் வீட்டில் குழந்தைகள் உண்டா என்று கேட்டார். கல்யாணமாகி ஐந்து வருஷம், இல்லை என்றேன். அனுதாபம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

"குழந்தை இல்லையா? அச்சா, அப்படின்னா எடுத்துட்டுப் போங்க."

மறு வருஷம் எங்களுக்குப் புவனா பிறந்தாள்.

எண்ணெய்ச் சட்டி

சனிக்கிழமை காலையில் எங்கள் வரிசைக்கு ஒருவர் வருவார். கையில் கடுகெண்ணெய் நிரம்பிய சட்டி, எண்ணெயில் முழுகிய சின்ன இரும்புப் பொம்மை. சனி பகவான் பெயரைச் சொல்லி நிற்பார். வீடுவீடாக ஒரு கரண்டி எண்ணெயோ ஒரு நாணயமோ போடுவார்கள். எங்கள் வாசலை மட்டும் அவர் தாண்டிப் போவதை நான் கவனிக்க நாலைந்து வருஷம் ஆகியிருக்கிறது. பத்திரிகைக்காரனின் பார்வைக் கூர்மை அவ்வளவுதான்.

ஒரு நாள் படியிறங்கிப் போய் நாணயத்தை நீட்டினேன். அவர் சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அண்ணாந்து என் பால்கனியைப் பார்த்தார். வெள்ளைக்காரர்களைக் கண்டால் மரியாதை காட்டும் கிழவர்கள் போல லேசாகத் தலை குனிந்தார்.

"உங்ககிட்ட நான் வாங்கக் கூடாது பாபுஜி. நாம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்."

கபாடிக்காரர் கடை

இதைக் கேட்ட சரோஜா அன்றைக்கே எல்லாவற்றையும் ஒழிக்கச் சொன்னாள், இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தவிர. மின்வெட்டு நாட்களில் புவனாவின் பள்ளிக்கூடச் சட்டையை அதில்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீதியை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோட்லாவில் ஹர்பால் என்ற பழைய இரும்புக் கடைக்காரரிடம் போனேன். அவர் இறக்கவே விடவில்லை. சனிக்கிழமை யாரும் இரும்பு வாங்க மாட்டார்கள், கொடுக்க மட்டுமே செய்வார்கள் என்றார். வீட்டில் தாங்க முடியாத ஒன்று நடந்தால், அதோடு சேர்ந்த இரும்பைச் சனிக்கிழமை காசில்லாமல் வெளியே அனுப்பிவிடுவார்கள். வாங்கிக்கொண்டு போகிறவனோடு அந்தக் கெட்டதும் போய்விடும். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படிப்பட்டதை எனக்கென்றே எடுத்து வைத்துக் காத்திருப்பார்களாம்.

நான் சுதாரித்துக்கொண்டு சிரித்தேன். நம்பிக்கை இல்லாதவன் சிரிக்க வேண்டிய இடம் அது. "சரி, நாளைக்குக் கொண்டு வரேன், ஞாயிற்றுக்கிழமை ஆயிடும்" என்றேன். அவர் எடைக்கற்களின் பையைக் காலால்கூடத் தொடாமல் தள்ளி நின்றார்.

"நாளைக்கும் வேண்டாம். இதுல எது யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியும்."

பால் பூத்தில் ஒருத்தி

சரோஜா கொஞ்ச நாளாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். பால் பூத் வரிசையில் யாரோ ஒரு பஞ்சாபிப் பெண், இந்தக் காலனிக்காரி அல்ல, "பொண்ணு நல்லா இருக்காளா? நல்லா சாப்பிடறாளா?" என்று விசாரிக்கிறாளாம். சனிக்கிழமை மட்டும் வருகிறாளாம். எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று, புவனா வெளியே வந்ததும் போய்விடுகிறாளாம்.

ஒரு பனிக்காலச் சனிக்கிழமை மதியம் அவள் மாடியேறி வந்தாள். வீரான்வாலி. போன வருஷம் பஸ்ஸில் என் மடியில் புவனாவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றார். அன்று தோளில் கிடந்த பையனுக்கு முன்னால் அவருக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் பத்து நாள் தாண்டவில்லை. இரண்டுக்கும் முதல் சட்டையை மாமியார் அந்தப் பெட்டியில்தான் தேய்த்துப் போட்டார்.

"அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்களுக்குக் குழந்தை இல்லைன்னு சொன்னதாலதான் கொடுத்தேன். என் பையன் வளந்துட்டான், தாங்குவான்" என்றார். தாங்குவான் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. புவனா அன்று காலை தேய்த்த சட்டையோடு நடுவில் நின்று இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சரோஜாவின் கண்ணும் அந்தச் சட்டையின் மேலேயே இருந்தது. கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம் பெஹன்ஜி, இங்கேயே இருக்கட்டும். இத்தனை நாளா இவ சட்டையும் இதுலதான். உங்க பையன் சட்டை ஒண்ணு கொண்டு வாங்க. இதுலயே நான் தேய்ச்சுத் தரேன்."

ஒரு சட்டை

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார், பையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு. சரோஜா பால்கனியில் கரி மூட்டினாள். தேய்த்த சட்டையை வீரான்வாலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போடுவதா வேண்டாமா என்று வீட்டுக்குப் போய்த்தான் தீர்மானிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

இப்போது வேப்பமரத்தடியையே பார்த்துக்கொண்டு நிற்பது சரோஜாவின் முறை. சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைத் தொடவில்லை, புவனா கசங்கிய சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். மூன்றாவது சனிக்கிழமை என் அட்டையில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் லாஜ்பத் நகர் பஸ் ஏறிவிட்டாள். அங்கே எதிர்வாசலில், யாரோ போல, ஒரு மணி நேரம் நின்றாளாம். வீட்டுக்குள்ளிருந்து வீரான்வாலி குரல் கொடுக்க, தெருப் புழுதியில் புரண்டுகொண்டிருந்த ஒரு பயல் எழுந்து ஓடினானாம். சரோஜா வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அதே சட்டைதான் போட்டிருந்தான். நான் தேய்ச்ச மடிப்பு ஒண்ணுகூட மிச்சமில்லை."

பழைய இரும்பு சேர்க்கும் சக நோயாளிகளே, ஏன் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் நீங்கள் ஒன்றும் வாங்க மாட்டீர்கள், பால்கனியும் பிழைக்கும்.