கனகலிங்கத்தின் தண்ணீர் முறை

"தொழில்நுட்ப ஆலோசகர்: திரு. வே. கனகலிங்கம் அவர்கள்" என்கிறது விழா மலரின் மூன்றாம் பக்கம். கனகலிங்கம் யாருக்கும் ஆலோசனை சொன்னவரல்லர். அவரிடம் கேட்டவர்களும் இல்லை. வன்னியில் புதிதாக எழும்பிய பொறியியல் பயிற்சிக் கல்லூரிக்கு மின்சாரம் கொடுக்கும் டீசல் எஞ்சினை ஓட்டுவது அவர் உத்தியோகம். கண்டாவளைப் பக்கம் இருந்த மூன்று ஏக்கர் வயல் அவர் கவலை. மனைவியும் பிள்ளைகளும் இன்னும் யாழ்ப்பாணத்தில். வயலைப் பார்க்க வேறு ஆளில்லை.

1963இல் மாணவர்கள் தாங்களே நடத்திய கண்காட்சியும் கலைவிழாவும் வந்த அதே நாளில் அவருடைய தண்ணீர் முறையும் வந்தது. பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் ஆறு மணிவரை வாய்க்கால் அவருக்கு. தவறினால் இன்னும் எட்டு நாள். கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்ற நெல் எட்டு நாள் பொறுக்காது. எஞ்சினை ஓடவிட்டுச் சைக்கிளில் போய்விடலாம் என்றிருந்தார்.

எஞ்சின் கொட்டிலுக்கு வந்தால், அதைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பீப்பாவைக் காணவில்லை.

"தம்பி, பீப்பா எங்கை?"

விழாச் செயலாளன் தில்லைநாதன் பெருமையோடு மண்டபத்தைக் காட்டினான். "எங்கடை நீர்ப்பாசன மாதிரியிலை அதுதான், சேர், குளம். சீமெந்து பூசி இறுக்கியாச்சு."

"எஞ்சின் சூடேறுமே!"

"நீங்கள் இருக்கிறியள்தானே, சேர்!"

"மாட்டன்" என்ற சொல் கனகலிங்கத்தின் வாயில் வருவதில்லை. வாளியை எடுத்தார். உதவிக்கு ஒருவனைக் கூப்பிடலாம்தான். ஆனால் எல்லாரும் சட்டையில் விழாப் பட்டி குத்தி, ஆளுக்கொரு பதவியோடு திரிந்தார்கள்.

இரண்டு மணிக்குப் பக்கத்து வயல்காரர் சிற்றம்பலம் வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார்.

"இண்டைக்கு உம்மடை முறையெல்லே?"

"வரேலாது, அண்ணை. நீங்கள் ஒருக்கா மடையைத் திறந்து விடுங்கோ."

"ஓம், ஓம், திறந்து விடுறன்."

எந்த வயலுக்கு என்று சிற்றம்பலம் சொல்லவில்லை. கனகலிங்கமும் கேட்கவில்லை, கேட்கக்கூடக் களைப்பாக இருந்தது.

மண்டபத்தில் பீப்பாக் குளத்துத் தண்ணீர் உள்ளங்கை அகல வயல்களுக்கு முறை தவறாமல் பாய்ந்தது. பிரதம விருந்தினர் கைதட்டினார். நாடகத்தில் உழவனாக வந்தவன் தண்ணீர் கேட்டு அழுது முதற்பரிசு வாங்கினான். ஒலிபெருக்கி ஒருதரமும் தடக்கி நிற்கவில்லை.

அந்தப் போகம் சிற்றம்பலத்துக்கு நல்ல விளைச்சல். கனகலிங்கத்தின் வயலில் பாதி மணி பிடிக்காத சப்பி நெல்.

ஆலோசகர் அன்று செய்தது இதுதான்: இரண்டு மணி தொடக்கம் ஆறு மணிவரை, கிணற்றில் அள்ளி அள்ளி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார்.